சிவப்பு விளக்கு சொன்ன செய்தி

 

சென்ற ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய சிறிது நேரத்தில் என் உம்மாவுக்கு மூச்சுத்திணறல் கண்டது. கொட்டும் மழையில் லாத்தா வீட்டுக் காரில் உம்மாவை ஏற்றிக்கொண்டு குலசேகரன்பட்டினத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டோம். மச்சான் வெளிநாட்டில் இருப்பதால் அந்தக் கார் ஆண்டின் பெரும்பகுதி வாசலில் நின்றுகொண்டே இருக்கும். லாத்தாவின் மகன்தான் ஓட்டினான்.

திருச்செந்தூரைத் தாண்டும்போது அவன் சொன்னான்: “மாமா, பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறதே!”

“போன மாதம்தானே புதுப் பேட்டரி மாட்டினோம்? வண்டி ஓடுகிறதல்லவா, நிறுத்தாமல் போ” என்றேன் நான்.

ஆழ்வார்திருநகரியைக் கடந்ததும் முகப்பு விளக்குகள் மங்கின. மழைநீரைத் துடைக்கும் வைப்பர் தள்ளாடி நின்றது. இருபுறமும் வாழைத்தோட்டங்கள், சாலையிலோ கும்மிருட்டு. அங்கேயே வண்டியும் நின்றுபோயிற்று. வாழைத்தார் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் மனமிரங்கி எங்களை ஏற்றிச் சென்றார். அல்லாஹ்வின் அருளால் உம்மா பிழைத்தார்கள். ஆனால் அந்த இருட்டில் அவர்களின் மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டு நான் நின்ற அரைமணி நேரத்தை இன்றளவும் மறக்க இயலவில்லை.

மறுநாள் மெக்கானிக் வண்டியைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: “பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.” உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள். அதை மாற்றாமல், ஓராண்டிற்குள் இரண்டு பேட்டரிகளை வாங்கி மாட்டியிருந்தோம்! வீண்விரயம் கூடாதென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நானே அதற்கும் உடந்தையாக இருந்திருக்கிறேன்.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கும், கலைப்பாடம் படித்துப் பட்டம் பெற்றவனுக்கும் இயந்திரம் எதற்கு என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காருக்கு மின்சாரம் தருவது பேட்டரி என்றே நம்மில் பலர் கருதுகிறோம். வண்டியைக் கிளப்புவதற்குத்தான் பேட்டரி. ஓடத் தொடங்கியபின் விளக்கு, வைப்பர், ஹாரன், ஏ.சி. விசிறி அனைத்திற்கும் மின்சாரம் தருவதும், கிளப்புவதில் பேட்டரி இழந்ததைத் திரும்ப நிரப்புவதும் ஆல்டர்னேட்டரின் வேலை. வீட்டுக் கணக்கில் சொன்னால், பேட்டரி என்பது சேமிப்புப் பெட்டி. ஆல்டர்னேட்டர் என்பது மாதாமாதம் வரும் சம்பாத்தியம். சம்பாத்தியம் நின்றுபோனால் பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். முகப்பு விளக்குகள் இரண்டும் சாதாரண ஹாலஜன் வகையாயின் அவற்றிற்கு மட்டுமே ஏறத்தாழ 10 ஆம்பியர் தேவை. வைப்பர், விசிறி, எஞ்சினின் தேவை எல்லாம் சேர்ந்தால் 20 ஆம்பியரையும் தாண்டும். சிறிய கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவினது. ஏட்டுக் கணக்கில் ஒன்றரை மணி நேரம். நடைமுறையில் அதனினும் குறைவு. குலசையில் புறப்பட்ட நாங்கள் ஆழ்வார்திருநகரியைத் தாண்டி நின்ற காரணம் இதுவே.

இதன் அடிப்படையைக் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய ஏழை இளைஞர் அவர். கம்பிச்சுருளின் அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை அவர் 1831-ல் நிறுவினார். ஆல்டர்னேட்டரின் உள்ளே நடப்பதும் அதுவே. எஞ்சின் சுழலும்போது பெல்ட் மூலம் ரோட்டர் என்னும் மின்காந்தம் சுழல்கிறது. சுற்றிலுமுள்ள கம்பிச்சுருள்களில் மின்சாரம் உண்டாகிறது. ரோட்டருக்குச் சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவைதாம் கார்பன் பிரஷ்கள். பிறந்த மின்சாரம் திசை மாறி மாறிப் பாய்வது. அதனை ஒரே திசையில் செலுத்துபவை டையோடுகள். அளவு மிகாமல் காப்பது ரெகுலேட்டர்.

பழைய அம்பாசடர் கார்களில் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டைனமோ இருந்தது. வண்டி மெதுவாக ஊர்கையில் அது போதிய மின்சாரம் தராது. சிலிக்கன் டையோடுகள் வந்தபின் அக்குறை நீங்கியது. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் கார்களில் ஆல்டர்னேட்டர் பரவலாக இடம்பெறத் தொடங்கியது. நம் சென்னையில் 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் ஆல்டர்னேட்டர்களைச் செய்துவருகிறது.

இனி, நீங்கள் கவனிக்க வேண்டியவை:

சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். முதலில் எரியாவிட்டாலும் பழுது. பின்னர் அணையாவிட்டாலும் பழுது. ஓடும்போது எரிந்தால், ஏ.சி. முதலிய தேவையற்றவற்றை அணைத்துவிட்டு, அருகிலுள்ள மெக்கானிக்கிடம் செல்லுங்கள். தொலைதூரப் பயணத்தைத் தொடராதீர்கள்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எவரும் இரண்டு நிமிடத்தில் ஆல்டர்னேட்டரைச் சோதித்துவிடலாம். எஞ்சின் நின்றிருக்கையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடுகையில் பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். (கணினி மூலம் மின்னூட்டத்தை மாற்றியமைக்கும் சில புதிய கார்களில் இது கூடிக் குறையும்.) ஓடும்போதும் 12-லேயே நின்றால் பேட்டரிக்கு ஊட்டம் சேரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரித் தண்ணீர் வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். புதுப் பேட்டரி வாங்குமுன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

எஞ்சினை நிறுத்தியபின் பெல்ட்டைப் பாருங்கள். வெடிப்போ நூல் பிரிதலோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கிளப்பியதும் ‘கிறீச்’ என்று ஒலித்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். இடைவிடாத உறுமல் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

நம்மூர் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று பேட்டரி முனைகளையும் ஆல்டர்னேட்டரின் இணைப்புகளையும் அரித்துவிடும். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். பின்னர் சமையல் சோடா கரைத்த வெந்நீரால், பேட்டரிக்குள் இறங்காதவாறு துடைத்து, உலரவிட்டு, சிறிது வாஸ்லின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் இணைப்பைக் கடைசியாக மாட்டுங்கள். வண்டியைக் கழுவும்போது ஆல்டர்னேட்டரின் மீது தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது டைனமோக் காலத்துப் பழக்கம். இன்றைய கார்களில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து டையோடுகளும் கணினிப் பகுதிகளும் கருகிவிடும். வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பும்போது பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினாலும் இதே கதிதான்.

வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, வாசலில் மாதக்கணக்கில் கார் நிற்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிடுவது போதாது. ஓட்ட ஆளில்லையென்றால் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவைப்பது நலம். முற்றிலும் தீர்ந்துபோன பேட்டரியைச் சார்ஜரில் நிரப்பியபின் மாட்டுங்கள். அதை முழுதும் நிரப்பும் சுமையை ஆல்டர்னேட்டரின் மேல் ஏற்றினால் அது சூடேறிப் பழுதாகும்.

அன்பர்களே! விண்வெளிக்கு ராக்கெட் அனுப்பும் ஏவுதளத்திற்கு எங்கள் குலசையில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட்டின் பழுதுகளை அறிவியலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் வாசலில் நிற்கும் வண்டியை நாம்தாம் பார்க்க வேண்டும். அதில் ஏறும் பெற்றோரும் மனைவி மக்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அல்லவா?

அன்றிரவு பயண துஆவை நான் ஓதத்தான் செய்தேன். ஆயினும், முதலில் ஒட்டகத்தைக் கட்டு, அதன்பின் தவக்குல் வை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியை மறந்துவிட்டேன். கண்முன் எரிந்த சிவப்பு விளக்கைப் புறக்கணித்தது தவக்குல் ஆகாது. அது என் அலட்சியம். நீங்கள் அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு எரிகிறதா, பின்னர் அணைகிறதா என்று ஒரு கணம் பாருங்கள்.