வரப்பும் மடையும்

கூட்டுறவாளர் ஒருவர் மற்றவரது துயரத்தில் பங்குகொள்ள வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆனால், பங்குகொள்வது வேறு. சுமை முழுவதையும் தன் தலையில் ஏற்றிக்கொள்வது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நம்மில் நல்லவர் பலர் நலிந்து போகின்றனர்.

என் அனுபவத்தையே கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அண்டை வீட்டு நெசவாளர் ஒருவர் தம் மனைவியை இழந்தார். நாள்தோறும் விளக்கு வைத்ததும் என் திண்ணைக்கு வருவார். நடுநிசி வரை பேசுவார். கேட்பது என் கடமை என எண்ணினேன். "இன்று இயலாது, அண்ணா" என்று சொல்ல நா எழவில்லை. தறியில் பாவு அரைகுறையாக நின்றது. சங்கத்திற்குச் சேர வேண்டிய சேலைகள் தவணை தப்பின. உறக்கம் கெட்டது, வீட்டாரிடம் எரிந்து விழுந்தேன். நான்காம் மாதத்தில் ஓரிரவு அவரிடமே கடுஞ்சொல் ஒன்றைக் கூறிவிட்டேன். அவர் பேசாமல் எழுந்து போனார். நான்கு மாத உதவியை ஒரு சொல் அழித்தது. முதல் வாரத்தில் அன்போடு சொல்லியிருக்க வேண்டியதை நான்காம் மாதத்தில் சினத்தோடு சொன்னேன். பிழை அவருடையதன்று, என்னுடையதே.

உழவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வரப்பு அண்டை வயலாரிடம் கொண்ட பகையால் எழுந்ததன்று. வரப்பில்லாத வயலில் நீர் நில்லாது. நில்லாத நீரை அடுத்தவருக்குத் திறந்துவிடுவது எங்ஙனம்? வரப்பு உள்ள இடத்தில்தான் மடைக்கும் வேலை உண்டு.

நம் இயக்கத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஜெர்மனியில் 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, ராய்ஃபைசன் என்னும் பெரியார் வேயர்புஷ் என்ற சிற்றூரில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். பின்னர், செல்வர்களின் ஈகையை மட்டும் நம்பிய சங்கங்கள் நீடித்து நில்லா என்பதை அனுபவத்தில் கண்டார். 1864இல் ஹெட்டஸ்டார்ஃபில், கடன் பெறுவோரே அங்கத்தினராகிப் பொறுப்பேற்கும் சங்கத்தை அமைத்தார். அவரது இரக்கம் குறைந்துவிடவில்லை. அது நிலைக்கும் வழியைத் தேடிக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து நான் அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "வாரத்தில் இரண்டு மாலை இராச் சாப்பாடு வரை உங்களோடு இருப்பேன், அண்ணா, மற்ற நாட்களில் தறி என்னை விடாது" என்றேன். அவர் வருந்தவில்லை. தெருவாரிடமும் கூறினேன். ஒருவர் அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்தார். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். முறை வைத்து நீர் பாய்ச்சுவதுபோல் உதவியும் முறையாயிற்று. சில வாரங்களில் அவரும் தறியில் அமர்ந்தார். நான் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது நடவாதது அப்போது நடந்தது.

"அன்பிற்கும் கணக்கா?" என்று சிலர் கேட்கலாம். கணக்கு எழுதாத சங்கம் எத்தனை நாள் கடன் கொடுக்கும் என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். இயன்றதைச் சொல்லி அதைத் தவறாமல் செய்பவரே துன்பத்தில் இருப்பவருக்கு உறுதியான துணை.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. துயருற்றவர் "இனி உயிர் வாழ விருப்பமில்லை" என்று கூறினால், முறையும் நாளும் பார்க்கலாகாது. அவரைத் தனியே விடவும் கூடாது. அதை இரகசியமாகக் காப்பது நட்பன்று. உடனே அவர் குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு முதல் இயங்கும் 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அத்தகைய சுமையை ஒருவர் தனியாகத் தாங்க முயல்வது இருவருக்கும் கேடாகும்.

அங்கத்தினர்களே! தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்கே சங்கம் கண்டோம். கடனுக்கு ஏற்ற அந்த நெறி கண்ணீருக்கும் ஏற்றதே.