கிளிப் போட்ட வாயும் ஒரு பக்கத் தாளும்

எங்க வீட்டுச் சின்னவளுக்குப் பல்லுல கிளிப் போட்டு எட்டு மாசம் ஆகுது. வயசு பதிமூணு. கோரைப்பல் ரெண்டும் இடம் கிடைக்காம ஈறுக்கு மேலே ஏறி நின்னுச்சு, அதனால போட வேண்டியதாப் போச்சு. (அழகுக்காகப் போட்டாலும் தப்பில்லைங்க.) மொத்தம் 45,000 ரூபாய், நாலு தவணை. தவணைன்னா நமக்குத் தெரியாததா? உக்காந்த இடத்துலயே கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். கடன் வாங்க வர்றவங்ககிட்ட "படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க சார்"னு தினம் இருபது தடவை சொல்ற ஆள் நான்.

முதல் வாரம் வலிச்சுது, கஞ்சியும் மோர் சாதமுமா ஓடுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. நாங்களும் மறந்துட்டோம். தசரா முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்ததும் டிபன் டப்பா பாதி பாதியா திரும்பி வர ஆரம்பிச்சுது. வாங்கிபாத்னா உயிரை விடுறவ, அதுவும் மிச்சம். கேட்டா "நேரமில்லைப்பா"ங்கறா. தங்கமணிதான் முதல்ல கவனிச்சாங்க. "ஏங்க, இவ பேசும்போது வாயை ஒரு பக்கமா இழுக்கறா பாருங்க."

நான் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம, "கம்பி போட்டா அப்படித்தான், கொஞ்ச நாள் பொறுத்துக்கணும்"னு சொன்னேன்.

தீபாவளி கழிஞ்சு ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு பாத்ரூம்ல விளக்கு எரியுது. போய்ப் பார்த்தா, கண்ணாடி முன்னாடி வாயைத் திறந்துகிட்டு நிக்கிறா. கையில என்னோட நகவெட்டி. செல்போன் வெளிச்சத்துல பார்த்தேன். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாடி கம்பி நுனி நீட்டிக்கிட்டு இருக்கு. அது படுற இடத்துல கன்னத்துக்கு உள்பக்கம் துவரம்பருப்பு அளவுக்கு வெள்ளையா ஒரு புண், சுத்தி ரத்தச் சிவப்பு.

"எத்தனை நாளாடா?"

"தசரா ஊர்வலத்துக்கு முன்னாடியிலேர்ந்துப்பா."

"ஏன் சொல்லல?"

"நீங்கதானேப்பா பொறுத்துக்கணும்னு சொன்னீங்க."

மறுநாள் காலையில ஆபீசுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு கூட்டிட்டுப் போனேன். நுனியை வெட்டிவிட மூணு நிமிஷம்கூட ஆகலை. டாக்டர் நல்ல மனுஷர்தான். "அடடா, குத்தின அன்னைக்கே வந்திருக்கலாமே"ன்னார். வந்திருக்கலாம். அன்னைக்கே வரணும்னு எங்ககிட்ட யார் சொன்னா? கிளிப் போட்ட அன்னைக்கு எங்க கையில வந்தது ஒரு ரசீது, அடுத்த தேதி எழுதின ஒரு அட்டை. அவ்வளவுதான்.

அப்புறம் உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். (காமர்ஸ் படிச்சவனுக்கு இது எதுக்குன்னு கேக்காதீங்க, தவணை கட்டுறவன் நான்தானே.) பல் கோணலா இருக்கும்போது கம்பி வளைஞ்சு வளைஞ்சு போகுது. பல் வரிசைக்கு வர வர அத்தனை நீளம் தேவைப்படாது. மிச்சமாகுற கம்பி பின்பக்கமா நகர்ந்து கடைசிப் பல்லைத் தாண்டி நீட்டிக்கும். அதாவது கம்பி குத்துதுன்னா பெரும்பாலும் பல் நகருதுன்னு அர்த்தம். வைத்தியம் கெட்டுப்போகலை. இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தா புள்ளை நகவெட்டியைத் தூக்கியிருக்க மாட்டா.

பல் மேல ஒட்டியிருக்குற சின்னச் சின்ன உலோகத் துண்டு உதட்டுல உரசி வர்ற புண் வேற. அதுக்குன்னே மெழுகு விக்குது. பல்லை டிஷ்யூவால துடைச்சு ஈரத்தை எடுத்துட்டு, பட்டாணி அளவு மெழுகை உருட்டி அந்தத் துண்டு மேல அமுக்கிவிட்டா போதும். தூக்கத்துல முழுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. நாற்பத்தஞ்சாயிரம் கட்டினவனுக்கு நூறு ரூபாய் மெழுகு இருக்குன்னு அஞ்சாவது மாசம்தான் தெரியுது! வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கிறது, ராத்திரியில கம்பி குத்தினா பென்சில் பின்னாடி இருக்குற ரப்பரால மெதுவா உள்ளே தள்ளிவிடுறது, முடியலைன்னா நுனி மேல மெழுகை வெச்சுட்டு விடிஞ்சதும் டாக்டர்கிட்ட போறது, இதெல்லாமும் அப்பத்தான் தெரிஞ்சுது.

இதுக்கு நடுவுல மன்னார்குடியிலேர்ந்து அம்மா போன். "உடம்புச் சூடுடா. மணத்தக்காளிக் கீரையை வதக்கிக் குடு." இங்கே அதுக்குப் பேரு கணிகே சொப்பு. தேவராஜா மார்க்கெட்ல தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்து தங்கமணி கூட்டு வெச்சாங்க. குழந்தை சாப்பிட்டா, வாய்க்கு இதமாவும் இருந்துச்சு. அம்மா வைத்தியத்தைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா கீரை கம்பியை வெட்டாது. "எல்லாம் சூடு"ன்னு ஒரே சொல்லுல முடிச்சுடுறது நம்ம பக்கத்து வழக்கம், அதுதான் இடிக்குது. சிலருக்குக் கிளிப் போடாமலேயே அடிக்கடி வாய்ப்புண் வரும். அதுக்கு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 குறைவும் காரணமா இருக்கலாம். எங்களை மாதிரி சைவம் சாப்பிடற வீட்டுல பி12-ஐ ஒருதடவை ரத்தத்துல பார்த்துடுறது நல்லது. நாமளா பிகாசூல்ஸ் வாங்கி முழுங்குறது அதுக்கப்புறம்.

என் தொழில் புத்தி வேலை செஞ்ச இடத்துக்கு வர்றேன். 2024 அக்டோபர் 1-லேர்ந்து ரிசர்வ் வங்கி ஒரு விதியைக் கொண்டுவந்துச்சு. தனிநபர் கடனோ, சிறு தொழிலுக்கான தவணைக் கடனோ, எதுவா இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னாடி முக்கிய விவரங்களை ஒரு தாள்ல எழுதிக் கொடுக்கணும். வட்டி எவ்வளவு, என்னென்ன கட்டணம், குறை இருந்தா யார்கிட்ட சொல்றது, எல்லாம் அதுல இருக்கணும். முக்கியமா, கடன் வாங்குறவருக்குப் புரியற மொழியில இருக்கணும். அந்தத் தாள்ல இல்லாத கட்டணத்தை அவர் சம்மதமில்லாம பின்னாடி வசூலிக்க முடியாது. எங்களுக்கு வேலை கூடுதல்தான், முணுமுணுத்தோம். ஆனா வாடிக்கையாளர் அதை வாங்கி ஒருதடவை படிச்சுட்டு "இது என்ன சார்?"னு கேக்கும்போது, அந்தக் கேள்வியிலயே பாதிச் சண்டை தீர்ந்துடுது.

அம்பதாயிரம் ரூபாய் கடனுக்கு அப்படி ஒரு தாள் உண்டுன்னா, அதே காசுக்கு ரெண்டு வருஷம் குழந்தை வாயில இருக்கப்போற கம்பிக்கு ஏன் இல்லை? எந்தெந்த வலி சாதாரணம், எது வந்தா அன்னைக்கே வரணும், ராத்திரியில என்ன பண்றது, மெழுகு எங்கே கிடைக்கும். ஒரு பக்கம் போதும். கொடுக்குற டாக்டர்கள் இருக்காங்கன்னு தெரியும். எல்லாரும் கொடுக்கணுங்கறேன்.

மொழி இன்னொரு சங்கடம். எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல கன்னடம் நல்லாவே பேசறா, நான்தான் பதினோரு வருஷமா பேங்க் கன்னடத்துலயே ஓட்டிக்கிட்டு இருக்கேன். டாக்டர் வேகமா ரெண்டு வாக்கியம் சொன்னா தலையாட்டிட்டு வந்துடுவேன். வேடிக்கை என்னன்னா, வார்த்தையெல்லாம் நம்மளுதுதான். பல் ஹல்லு ஆச்சு, புண் ஹுண்ணு ஆச்சு, வாய்ப்புண் பாயி ஹுண்ணு. நாம பேச்சுல விட்டுட்ட நோவு இங்கே தெருவெல்லாம் உயிரோட இருக்கு. இவ்வளவு பக்கத்துல இருந்தும் "புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு கேக்க கூச்சம். வெளியூர்ல இருக்குற எல்லார் வீட்டுலயும் இந்தக் கூச்சம் இருக்கும்னு நினைக்கிறேன். தேவைப்பட்டா இன்னொரு டாக்டரையும் கேக்கலாம். மைசூர்ல ஜே.எஸ்.எஸ்., ஃபரூக்கியான்னு பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கு.

"பொறுத்துக்கோ"ங்கற வார்த்தை மேல எனக்கு இருக்குற கோபத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. எங்க பெரியப்பாவுக்கு வெத்தலை புகையிலைப் பழக்கம். கன்னத்துல புண் வந்தப்ப "உடைஞ்ச பல்லு குத்துது, போயிடும்"னார். நாங்களும் நம்பினோம். நாலு மாசம் கழிச்சு தஞ்சாவூர் கூட்டிட்டுப் போனப்ப புற்றுநோய் முத்தியிருந்துச்சு. குழந்தைக்கு வந்ததும் அதுவும் ஒண்ணில்லை, யாரும் பயந்துக்காதீங்க. ஆனா கணக்கு ஒண்ணுதான். காரணம் எதுவா இருந்தாலும், ரெண்டு வாரத்துல ஆறாத வாய்ப்புண்ணை டாக்டர் கண்ணால பார்க்கணும். எங்க வீட்டுல இது ரெண்டு தடவை தவறியிருக்கு. ரெண்டு தடவையும் சொன்ன சமாதானம் ஒண்ணேதான்.

போன மாசம் நானே கன்னடத்துலயும் தமிழ்லயும் ஒரு தாள் எழுதி (கன்னடத்தைத் திருத்திக் கொடுத்தது பொண்ணுதான், பதினேழு தப்பாம்) டாக்டர்கிட்ட கொடுத்தேன். படிச்சுப் பார்த்து "சென்னாகிதே சார்"னு சொல்லி மேஜை டிராயர்ல வெச்சார். இந்த மாசம் போனப்ப வெளியில ஒரு பையன், புதுசா கிளிப் போட்டுக்கிட்டு, கையில ரசீதும் அட்டையுமா நின்னான். தாளைக் காணோம். எங்க சின்னவ பையிலேர்ந்து மெழுகு டப்பாவை எடுத்து, அவங்கம்மாகிட்ட எப்படி உருட்டணும்னு காட்டிக்கிட்டு இருந்தா. நான் உள்ளே போய் டிராயரைப் பத்திக் கேட்டேன். பிரிண்ட்டுக்குக் கொடுத்திருக்கேன்னார். அடுத்த தேதி மார்ச் 14.