தேன்சிட்டுச் சண்டையும் வேலிக் கணக்கும்

பூச்செடியில் தேன்சிட்டுகள் ஒன்றையொன்று துரத்துவதைப் பார்த்து எல்லோரும் ரசிக்கிறோம். முப்பது வருசம் வங்கியில் பேரேடு பார்த்த எனக்கு அதில் வரவு செலவுதான் தெரிகிறது.

திருப்பரங்குன்றத்தில் எங்கள் தோட்டத்துக்கு மூன்று வகை வருகின்றன. மஞ்சள் வயிற்றோடு இருக்கும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டுதான் அதிகம். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாக மின்னும். அது முடிந்ததும் நெஞ்சில் ஒரு கரும்பட்டையோடு மங்கிவிடும். மூன்றாவது லோட்டன் தேன்சிட்டு. அதன் அலகு மற்ற இரண்டையும்விட நீளம், வளைவும் அதிகம்.

நான் பார்த்தவரை, வீட்டு முன்னால் இருக்கிற செம்பருத்திக்கு லோட்டன் வந்தால் சின்னது ஒதுங்கிவிடும். ஆனால் மாசியில் கல்யாண முருங்கை இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூத்துவிட்டால், மூன்றும் ஒரே மரத்தில் ஆளுக்கொரு கிளையில் சாப்பிடும்.

ஏன் இப்படி? கென்யாவின் பொன்சிறகுத் தேன்சிட்டுகளை ஆராய்ந்த கில், உல்ஃப் இருவரும் 1975இல் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார்கள். துரத்துவதில் செலவாகும் சக்தியைவிட, காவல் காப்பதால் மிச்சமாகும் சக்தி கூடுதலாக இருந்தால்தான் பறவை சண்டைக்குப் போகும். தேன் எங்கும் தாராளமாகக் கிடைத்தால் சண்டையை விட்டுவிடும். கட்டுப்படி ஆகாத செலவை யார்தான் செய்வார்?

அப்படியென்றால், ஒரே செடியைச் சுற்றி ஓயாமல் சண்டை நடந்தால் சுற்றுவட்டாரத்தில் பூ பற்றவில்லை என்று அர்த்தம். பற்றாததற்குக் காரணம் நாமும்தான். உயிர்வேலியை வெட்டிவிட்டுக் கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டுகிறோம். இயற்கை விவசாயம் பேசுகிறவர்களும் இதைச் செய்வதுதான் என் வருத்தம்.

"வேலிமரம் நிழல் கட்டும், இடத்தை அடைக்கும்" என்பார்கள். நியாயம்தான், அதற்குத்தான் கவாத்து இருக்கிறது. வெட்டிய தழை ஆட்டுக்கும் ஆகும், மூடாக்குக்கும் ஆகும். கல்யாண முருங்கையும் அகத்தியும் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்ப்பவை. கம்பி எதைச் சேர்க்கும்?

சிலர் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி கட்டித் தொங்கவிடுகிறார்கள். மதுரை வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும். தவிர, தேன்சிட்டுக் குஞ்சுகளுக்கு முக்கிய இரை பூச்சியும் சிலந்தியும். தொங்கு கூட்டைக் கட்டுவதற்கும் சிலந்தி நூல் வேண்டும். மல்லிகை மொட்டுப்புழுவுக்கு என்று அடிக்கிற மருந்தில் சிலந்தியும் சாகிறது. புட்டி அதை ஈடுகட்டாது.

நண்பர்களே, ஐப்பசி மழைக்கு வேலியோரம் பத்தடிக்கு ஒரு கல்யாண முருங்கைப் போத்து ஊன்றுங்கள். இடையில் அகத்தி விதை போடுங்கள், ஆடாதொடையும் வையுங்கள். அகத்தி முதலில் பூக்கும், கல்யாண முருங்கைக்கு இரண்டு மூன்று வருசம் பொறுக்கணும். அதுவரை செம்பருத்தியில் எத்தனை தடவை துரத்தல் நடக்குது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.