வீட்டுச் சூடும் மின்தேவையும்: எங்கள் நிலைப்பாடு

நிலைப்பாடு

தமிழ்நாட்டின் கோடைக்கால மின்தேவையைப் புதிய மின்நிலையங்களால் மட்டும் சமாளிக்க முடியாது. வீட்டுக்குள் இறங்கும் வெயிலைக் குறைப்பது முதல் வேலை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சாதனங்களை மக்கள் கைக்குக் கொண்டுசேர்ப்பது இரண்டாவது. கூரையிலேயே சூரிய மின்சாரம் எடுப்பது மூன்றாவது. இவற்றுக்குப் பிறகும் மிஞ்சும் தேவைக்குத்தான் புதிய மின்நிலையம் என்ற வரிசையை அரசு ஏற்க வேண்டும். அரசுப் பணத்தில் எழும் வீடுகளிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.

பின்னணி

2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஏப்ரலில் தேவை ஏறும்போது ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் முழு வேகம் பிடித்திருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று வந்தால்தான் அவை நன்றாகச் சுழலும். சூரிய மின்சாரம் மாலையோடு நின்றுவிடும். இரவுத் தேவைக்குப் பெரும்பாலும் நிலக்கரியை எரிக்கிறோம், போதாததை வெளியில் விலைக்கு வாங்குகிறோம். எரித்ததன் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்திருப்பது ஊரறிந்த செய்தி.

கூரை

பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் கூரை இரவு பத்து மணிக்கும் கீழே அனலை இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிவிடுகிறது. வசதி உள்ளவர் ஏசி வாங்குகிறார். இல்லாதவர் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார்.

முன்பு செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தடிமனாகப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும் அதன்மேல் பதித்த தட்டோடும் இந்த வெப்பத்தைத் தாமதப்படுத்தின. இன்று நாலைந்து அங்குலத் தளம் போட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். வெறும் காங்கிரீட் தளம் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது 70 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும்.

குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தது. வெறும் காங்கிரீட் கூரை அந்த வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக வெப்பத்தை இறக்குகிறது. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. ஒற்றைத் தளச் சிறு வீடுகளில்தான் கூரைச் சூடு முழுவதும் ஆள்மேல் இறங்குகிறது. அந்த வீடுகள் விதிக்கு வெளியே நிற்கின்றன.

2030க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி காங்கிரீட் கூரை. ஒழுகாத, தீப்பிடிக்காத கூரை கிடைப்பதை முழுமனத்தோடு வரவேற்கிறோம். ஆனால் ஓலைக்கூரையின் நிழலில் இருந்தவரைச் சுடும் தளத்துக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு, பிறகு அவருடைய மின்கட்டணத்துக்கு மானியம் கொடுப்பது இரட்டைச் செலவு.

மின்விசிறி

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது; பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், ஒரு விசிறியில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். அதே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெறும் வீட்டுக்கு இது பெரிய அளவு. கனவு இல்லம் திட்டத்தின் 8 லட்சம் வீடுகளுக்கும் பழைய விசிறிக்குப் பதிலாக இரண்டிரண்டு பிஎல்டிசி விசிறி கொடுத்தால், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் இரவில் 72 மெகாவாட் தேவை குறையும். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டம் எல்இடி பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது, 300 ரூபாயைத் தாண்டியிருந்த விலை சில ஆண்டுகளில் 50 ரூபாய்க்குக் கீழே வந்தது. விசிறிக்கும் அதே வழி உண்டு.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பழைய விசிறி நின்றுபோனால் தெருமுனைக் கடையில் கெப்பாசிட்டர் மாற்றலாம், காயில் கட்டலாம். பிஎல்டிசி விசிறியின் மின்சுற்றுப் பலகை போய்விட்டால் மெக்கானிக் கைவிரித்துவிடுகிறார். உதிரிப்பாகம் கம்பெனியிடம்தான் கிடைக்கும். மின்சாரம் மிச்சமாகி விசிறி குப்பைக்குப் போனால் அது சிக்கனம் ஆகாது.

கூரைச் சூரிய மின்சாரம்

மாநிலத்தின் 2019 சூரிய மின்கொள்கை, 2023க்குள் 9,000 மெகாவாட் என்றும் அதில் 40 விழுக்காடு நுகர்வோரிடமிருந்து என்றும் இலக்கு வைத்தது. நுகர்வோர் பங்கு அந்த இலக்கின் கிட்டேகூட வரவில்லை. மத்திய அரசின் சூர்யகர் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. சொந்த மாடி உள்ளவருக்கு அது நல்ல வாய்ப்பு. வாடகைக்கு இருப்பவருக்கும் அரசு வாரியக் குடியிருப்பில் இருப்பவருக்கும் அந்த வாய்ப்பு எட்டவில்லை.

எதிர்வாதங்களுக்கு எங்கள் பதில்

சிக்கனமான சாதனம் வந்தால் மக்கள் கூடுதலாகத்தான் பயன்படுத்துவார்கள் என்பர். 1865இலேயே நிலக்கரியை வைத்து ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவோன்ஸ் இதைச் சொன்னார். அதில் உண்மை உண்டு. ஆனால் புழுக்கத்தில் கிடந்தவர் இன்னொரு மணி நேரம் விசிறி போடுவது வீண்செலவு அல்ல. கட்டுப்பாடு வேண்டியது மேல்தட்டுப் பயன்பாட்டுக்கு. அதற்குப் படிநிலைக் கட்டணம் இருக்கிறது.

இலவச மின்சாரத்தை நிறுத்தினால் சிக்கனம் தானாக வரும் என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. 100 யூனிட் சலுகை தொடர வேண்டும். அந்த 100 யூனிட்டில் குடும்பம் நிம்மதியாக இருக்கும்படி வீடு அமைய வேண்டும்.

கோரிக்கைகள்

1. அரசு வீட்டுத் திட்டங்கள் அனைத்திலும் வெப்பம் தடுக்கும் கூரை, எதிரெதிர்ச் சன்னல், சன்னலுக்கு மேல் வெயில் மறைப்பு ஆகியவற்றை மதிப்பீட்டிலேயே சேர்த்து, அதற்குரிய தொகையை ஒதுக்க வேண்டும்.
2. ஏற்கெனவே கட்டிய வாரியக் குடியிருப்புகள், அங்கன்வாடிகள், அரசுப் பள்ளிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, அது மங்கும்போது மறுபடி அடிக்க நிதி வைக்க வேண்டும்.
3. பிஎல்டிசி விசிறிகளை அரசு மொத்தக் கொள்முதல் செய்து தவணையில் தர வேண்டும். உதிரிப்பாகமும் உள்ளூர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் தரும் கம்பெனிகளிடம் மட்டுமே வாங்க வேண்டும்.
4. ஓரிடத்தில் சூரியத் தகடு நிறுவி, பல வீடுகளின் மின்கணக்கில் வரவு வைக்கும் முறையை வாடகைதாரருக்கும் வாரியக் குடியிருப்பினருக்கும் எளிதாக்க வேண்டும்.
5. புதிய அனல்மின் திட்டம் எதற்கும் ஒப்புதல் தருமுன், அதே பணத்தில் எவ்வளவு தேவையைக் குறைக்கலாம் என்ற கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும்.

ஊராட்சிகளில் வாழும் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: மார்ச் 22, மே 1 கிராம சபைக் கூட்டங்களில் முதல் இரண்டு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். உங்கள் ஊரில் கட்டும் அடுத்த வீட்டின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூரைச் சூட்டுக்கு அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.