தண்ணீரே போதும் என்னும் சிக்கனம்

தில்லி கரோல் பாகின் கார்க் கடைத் தெருக்களில் பழைய வண்டி வாங்க வருவோர் டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். எஞ்சினின் ஒலியைக் கேட்கிறார்கள். ரேடியேட்டரில் இருப்பது கூலன்ட்டா, வெறும் குழாய்த் தண்ணீரா என்று கேட்பவர் அரிது. "தில்லியில் தண்ணீர் உறையவா போகிறது?" என்பது தண்ணீர் ஊற்றுவோரின் வாதம். அதில் பாதி உண்மை உண்டு. எஞ்சினைக் கெடுப்பது மீதிப் பாதி.

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர் சிறந்தது. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 4.18 கிலோஜூல் தேவை. எத்திலீன் கிளைக்கால் சரிபாதி கலந்த நீருக்கு ஏறத்தாழ 3.5 போதும். ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினுக்குத் தொடக்கத்தில் தூய கிளைக்காலைப் பயன்படுத்தியவர்கள், பின்னர் 70 விழுக்காடு தண்ணீருக்குத் திரும்பியதும் இதனால்தான். தண்ணீரே இல்லாத புரோப்பிலீன் கிளைக்கால் திரவங்கள் இன்று விற்பனைக்கு உள்ளன. அவை 180 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஆனால் வெப்பத்தைக் குறைவாகவே சுமப்பதால் எஞ்சின் தலைப்பகுதி கூடுதலாகச் சூடேறும்.

ஆகவே தண்ணீரை விலக்குவது தீர்வன்று; அதைத் தனியே விடுவதும் தீர்வன்று. தில்லிக்குக் கூலன்ட் தேவைப்படுவது உறைபனிக்காக அன்று, அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்களுக்காக. கடின நீரின் சுண்ணாம்பு உப்புகள் ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் படிகின்றன. குளோரைடு அலுமினியத்தை அரிக்கிறது. 2022 மே 15 அன்று தில்லி முங்கேஷ்பூரில் வெயில் 49.2 பாகையைத் தொட்டது. அத்தகைய நாளில், போக்குவரத்து நெரிசலில், அடைபட்ட ரேடியேட்டர் கைவிடும். ஹெட் கேஸ்கெட் போகும்.

வழியில் வேறொன்றும் கிடைக்காதபோது, எஞ்சின் ஆறியபின் தண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை. அவசரம் வழக்கமாவதே தவறு. விற்பவர் சில நூறு ரூபாய் மிச்சப்படுத்துகிறார். கடன் வாங்கி அந்த வண்டியைக் கொள்பவர் பின்னர் பல ஆயிரம் செலவழிக்கிறார். அந்த வண்டியே அவர் பிழைப்பு என்றால், பழுதான நாள்களின் வருமானமும் போகிறது.

கூலன்ட்டில் கிளைக்கால் எவ்வளவு என்பதை ரிஃப்ராக்டோமீட்டர் ஒரு துளியில் காட்டிவிடும். பழைய கார் கைமாறும்போது அந்தச் சோதனையும், கடைசியாகக் கூலன்ட் மாற்றிய தேதியும் விற்பனைத் தாளில் இடம்பெற வேண்டும். மாற்றும்போது காய்ச்சி வடித்த நீரையே கலக்க வேண்டும். வடித்தெடுத்த பழைய திரவத்தைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு, அதை நக்கும் தெருநாய்க்கு அது தெரியாது.