கண்ணாடி மாட்டியாச்சு, பசை காய்ஞ்சாச்சா?

தீபாவளி, பொங்கல் என்றால் புனே, மும்பை பக்கம் இருக்கிற நம்மாட்களுக்கு ரயில் டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. குடும்பத்தோடு காரில் கிளம்பிவிடுகிறோம். புனேயிலிருந்து பெங்களூர் மட்டுமே 840 கிலோமீட்டர் சொச்சம். அப்புறம் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம். இவ்வளவு தூரம் போகிறோமே என்று, லாரி டயர் தெறித்த கல்லில் விரிசல் விட்ட முன் கண்ணாடியைக் கிளம்புகிற அன்றைக்குத்தான் மாற்றுவோம். மத்தியானம் புதுக் கண்ணாடி, சாயந்திரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஹைவே.

இந்த அவசரம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

பட்டறையில் என்ன சொல்வார்கள்? "ஹோ கயா சாப், லே ஜாயியே." கூடவே நாலு அறிவுரை: ரெண்டு நாள் தண்ணி பீய்ச்சிக் கழுவாதீங்க, ஓரத்து டேப்பைப் பிரிக்காதீங்க, கதவை ஓங்கிச் சாத்தாதீங்க, ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைங்க. எல்லாமே சரியான அறிவுரைதான். கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டுக் கதவை அறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, காயாத பசையைத் தள்ளும். ஆனால் கவனித்துப் பாருங்கள், இவற்றில் பெரும்பாலானவை மழைத்தண்ணி ஒழுகாமல் இருக்கச் சொல்வது. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியை அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை: இந்த வண்டியை எப்போது ஓட்டலாம்?

முன் கண்ணாடி வெறும் காற்றுத் தடுப்பு இல்லை. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. அதைவிட முக்கியம், பல வண்டிகளில் முன் சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக் மேல்நோக்கி வெடித்து, கண்ணாடியில் முட்டுக்கொடுத்துத்தான் ஆள் பக்கம் திரும்பும். 2021க்குப் பிறகு நம் ஊரில் விற்கிற புதுக் கார்களில் அந்த ஏர்பேக் கட்டாயம். பசை காயாமல் இருந்தால் ஏர்பேக் கண்ணாடியை வெளியே தள்ளிவிட்டுத் தானும் அந்தப் பக்கம் போய்விடும். அந்த சீட்டில் யார் உட்காருகிறார்கள்? நம் மனைவி, இல்லையென்றால் முட்டி வலிக்கு முன்னால் உட்காரும் அம்மா.

பசை விஷயத்துக்கு வருவோம். இப்போது பெரும்பாலும் போடுவது பாலியூரித்தேன். தொட்டால் மேலே தோல் மாதிரி காய்ந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். சாதாரண வகை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வெளியிலிருந்து உள்ளே இறுகும். நல்ல சூழ்நிலையிலேயே ஒரு நாளைக்கு 3, 4 மில்லிமீட்டர்தான். புனே டிசம்பர் மாதிரிக் குளிரும் வறட்சியும் சேர்ந்தால் இன்னும் மெதுவாகும். முழுக்க இறுகச் சில நாள் ஆனாலும், பத்திரமாக ஓட்டும் அளவுக்குப் பிடிக்க எத்தனை மணி நேரம் என்று பசைக் கம்பெனியே குறிப்பிட்டிருக்கும். சிலதற்கு ஒரு மணி நேரம், சிலதற்கு ஒரு ராத்திரி முழுக்க. அந்தக் கணக்கைக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "ஒண்ணும் ஆகாது சார்" என்பது கணக்கு இல்லை.

தப்பு பட்டறைமேல் மட்டும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று "கித்னா டைம் லகேகா?" என்று அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நச்சரிப்பது நாம்தான். லீவு நாலு நாள்தான், ஊரில் அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், எல்லாம் உண்மை. அரை நாள் தாமதமாய்ப் போனால் கோபிப்பார், அவ்வளவுதான்.

இதற்கு வழி, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாலேயே மாற்றிவிடுவது. சின்னப் பொட்டாக இருக்கும்போதே போனால் ரெசின் ஊற்றி அடைத்துவிடலாம், கண்ணாடியே மாற்ற வேண்டாம். செலவுக்காகத் தள்ளிப்போடுபவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். முழு இன்சூரன்ஸ் இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. நோ கிளெய்ம் போனஸ் போகுமா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் முன்னால் மாற்றுவதில் இன்னொரு லாபம். பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும். உரித்து ஒட்டினால் வேலை செய்யாது, புதுசு வாங்க வேண்டும். அது இல்லாமல் டோலில் நின்றால் கூடுதல் கட்டணம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிற புது வண்டி என்றால் அதைத் திரும்ப அளவு சரிபார்க்கவும் நேரம் வேண்டும். வைப்பர் பிளேடையும் அப்போதே மாற்றுங்கள். பழைய ரப்பரில் சிக்கிய மணல், புதுக் கண்ணாடியில் முதல் மழையிலேயே கோடு போட்டுவிடும்.

எலுமிச்சம்பழம், திருஷ்டிக் கயிறு எல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பசை காய்ந்த பிறகு கட்டுங்கள்.