சங்கிலி அறுந்தது, மாத்திரை வந்ததா?

2001 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6 ஆம் நாள். பொழுது புலராத நேரம். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் மனநோயாளிகள். அவர்களுக்கு ஓடக் கால் இருந்தது; கூவக் குரல் இருந்தது. ஆனால் காலிலே சங்கிலி இருந்தது! 28 உயிர்கள் பறிபோயின.

நாடு நடுங்கிற்று. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. அங்கே கட்டுண்டு கிடந்த 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தனர். பின்னர் 2017 இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மனநோயாளியை எந்த வகையிலும், எந்த முறையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று அது திட்டவட்டமாகக் கூறுகிறது. 2018 மே முதல் அது நாட்டின் சட்டம்.

நல்லது. சங்கிலி குற்றம் என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்த 28 பேரும் ஏன் அங்கே கொண்டுவரப்பட்டார்கள்?

"மூடநம்பிக்கை!" என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். நம் மேடைகளிலே அப்படித்தான் சொன்னோம், கைதட்டலும் கிடைத்தது. கைதட்டல் ஓய்ந்து, விளக்கணைந்து, வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தால், நாம் சொன்னது பாதி உண்மை என்பது புரிகிறது. மறுபாதியைச் சொல்லும் துணிவு பகுத்தறிவாளனுக்கு வேண்டாமா? பேய் இல்லை என்று சொன்னோம், சரி. பேய் இல்லையென்றால் நோய். நோய் என்றால் மருந்து. அந்த மருந்து எங்கே நின்றுவிட்டது?

மனச்சிதைவு என்று தமிழிலும், ஸ்கிசோஃப்ரினியா என்று மருத்துவ உலகிலும் அழைக்கப்படும் நோய் இது. இளமையின் வாசலில்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. யாருமில்லாத அறையிலே குரல் கேட்கும். எதிர்வீட்டுக்காரன் சதி செய்கிறான் என்று தோன்றும். பேச்சின் தொடர்ச்சி அறும். குளிக்க, உண்ண, உழைக்க உள்ளம் எழாது. உலக அளவில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது காணப்படுகிறது. பெரிய ஊராட்சி ஒன்றை எடுத்துக்கொண்டால் பத்துப் பேராவது இருப்பார்கள். மாளிகையிலும் உண்டு, குடிசையிலும் உண்டு. மாளிகையிலே அதற்குப் பெயர் நோய். குடிசையிலே அதற்குப் பெயர் பேய்!

மருந்தின் கதையைக் கேளுங்கள். 1952 இல் பாரிசு நகரத்து செயிண்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இருவர், குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளிகளுக்குத் தந்து பார்த்தார்கள். கட்டிப்போட வேண்டியிருந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அலறலால் நிறைந்திருந்த கூடங்களிலே அமைதி வந்தது. சில ஆண்டுகளுக்குள் உலகமெங்கும் அது பரவியது, இந்தியாவுக்கும் வந்தது. 1958 இல் பெல்ஜியத்தில் ஹாலோபெரிடால் பிறந்தது. பின்னர் வாரக்கணக்கில் உடலில் தங்கி வேலை செய்யும் ஊசிகள் வந்தன. மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோய்க்கு குளோசபின் வந்தது. ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் வந்தன. இவற்றில் பல இன்று மலிவான மருந்துகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரிசிலே மருந்து வேலை செய்யத் தொடங்கியது 1952. ஏர்வாடியிலே கொட்டகை எரிந்தது 2001. இடையிலே 49 ஆண்டுகள்! கடல் கடந்து வந்த மருந்துக்கு நம் கிராமத்து வாய்க்கால் கடக்க வழியில்லாமற்போனது ஏன்?

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மகனுக்கு இருபது வயது. நோய் கண்டுவிட்டது. இரண்டு பேருந்து மாறி மாவட்டத் தலைநகர் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறாள். அன்றைய கூலி போயிற்று. மருத்துவர் மாத்திரை தருகிறார். ஒரு திங்கள், இரண்டு திங்கள்; மகன் தேறுகிறான். "பையன் நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்கிறார் பெரியப்பா. அடுத்த திங்கள் அவள் போனபோது, "அந்த மாத்திரை இப்போது இல்லையம்மா, வெளியே வாங்கிக்கொள்" என்கிறார்கள். அதற்கடுத்த திங்கள் நடவு வேலை, போக முடியவில்லை. மாத்திரை நின்றது, குரல்கள் திரும்பின. நள்ளிரவில் மகன் தெருவில் நின்று கத்துகிறான். இப்போது அவள் யாரிடம் போவாள்?

பூசாரி அவளைத் திருப்பி அனுப்புவதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் வா என்பதில்லை. கையிருப்பு இல்லை என்பதில்லை. அவன் வாசல் ஊருக்குள்ளேயே இருக்கிறது, எந்நேரமும் திறந்திருக்கிறது. "உன் மகனுக்கு என்னம்மா செய்கிறது?" என்று கேட்டு, அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறான். ஆட்டை விற்ற பணத்தை அவன் வாங்கிக்கொண்டான் என்பது உண்மை. அவன் சொன்னது பொய் என்பதும் உண்மை. ஆனால் பொய் அவள் வீட்டு வாசலிலே காத்திருந்தது. மெய்யோ இரண்டு பேருந்துத் தொலைவில் இருந்தது! மூடநம்பிக்கையின் வலிமையிலே பாதி, நம் மருத்துவ ஏற்பாட்டின் மெலிவு.

மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்பது ஊகமல்ல. 65 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, 2012 இல் 'லான்செட்' இதழில் ஜெர்மன் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர் நூற்றுக்கு 27. உண்மை மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 64! இந்த இரண்டு எண்களுக்கு இடையிலேதான் அந்தத் தாயின் மகன் நிற்கிறான்.

"மருந்தே ஒரு சங்கிலிதான், இரும்புக்குப் பதில் இரசாயனம்" என்று சொல்வாரும் உண்டு. அவர்களை எள்ளி நகையாடிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. அவர்கள் சொல்லிலும் கைப்பான உண்மை இருக்கிறது. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் சிலருக்குக் கை நடுக்கம் தரும். உடலை விறைக்க வைக்கும். ஆண்டுக்கணக்கில் உண்டால் நாக்கும் தாடையும் தாமாகவே அசையும் கோளாறு சிலருக்கு நிலைத்துவிடும். ஒலான்சபின் எடையைக் கூட்டும். சர்க்கரை நோயை அழைத்து வரும். குளோசபின் இரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனை தவறாமல் செய்ய வேண்டும். நாளெல்லாம் தூக்கம், வாயில் எச்சில், மனத்திலே மந்தம். இத்தனையும் தாங்குபவன், "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னால், "பைத்தியம் பேசுகிறது" என்று தள்ளிவிடுகிறோமே, இது எந்த ஊர் நியாயம்? அவன் மாத்திரையைத் துப்புவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. அவன் சொல்லைக் கேட்க ஆளில்லை என்பதும் காரணம். அளவைக் குறைத்தால், மருந்தை மாற்றினால், இந்தத் தொல்லைகளில் பல தணியும். அதற்கு மருத்துவர் அவனைத் திங்கள்தோறும் பார்க்க வேண்டும். எடை, சர்க்கரை, கை கால் அசைவு எல்லாம் நோக்க வேண்டும். மருந்து சங்கிலியாவதும் ஊன்றுகோலாவதும் அதைத் தருகிற கையைப் பொறுத்தது.

மருந்து மட்டும் போதுமா? அமெரிக்காவைப் பாருங்கள். 1955 இல் அந்நாட்டு மாநில மனநோய் மருத்துவமனைகளில் ஐந்தரை இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். மருந்து வந்தது, கதவுகள் திறந்தன. 1963 இல் கென்னடி சட்டமொன்றில் கையெழுத்திட்டார்: ஊர்தோறும் மனநல நிலையம், நோயாளி தம் மக்களோடு வாழ்வார் என்று. நெஞ்சை நிறைக்கும் திட்டம்! ஆனால் மருத்துவமனைகளை மூடுவதில் இருந்த வேகம், நிலையங்களைக் கட்டுவதில் இல்லை. திட்டமிட்டவற்றில் ஏறத்தாழப் பாதி எழும்பவேயில்லை. வெளியே வந்தவர்களில் பலர் நடைபாதைக்குப் போனார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். செல்வத்திலே திளைக்கும் நாட்டுக்கே இந்தக் கதி!

இத்தாலி வேறு பாடம் சொல்கிறது. அங்கே டிரியெஸ்டே நகரில் ஃபிராங்கோ பசாலியா என்னும் மருத்துவர் காப்பகத்தின் கதவைத் திறந்தார். 1978 இல் நாடே அவர் வழியிற் சட்டம் இயற்றியது. கதவைத் திறந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. இரவும் பகலும் திறந்திருக்கும் மனநல நிலையங்களைத் தெருக்களுக்கு நடுவே அமைத்தார்கள், வேலை கொடுத்தார்கள், வீடு கொடுத்தார்கள். மருந்தும் கொடுத்தார்கள். மருந்துக்குப் பின்னே மனிதன் நின்றான். ஆகவே மருந்து பலித்தது.

நமக்கு ஒன்றுமே தெரியாது என்பதும் இல்லை. இந்தத் தமிழ் மண்ணிலேயே 1984 இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தெருவில் கிடந்த மனநோயுற்ற பெண்களுக்காக 1993 இல் 'பேன்யன்' எழுந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996 இல் தொடங்கியபோது, இந்தியாவிலேயே முதல் 4 மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. தமிழ்நாடு, கோவா, மராட்டியம் ஆகிய மூன்று இடங்களில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டிற்று. பயிற்சி பெற்ற சாதாரண ஊர்ப் பணியாளர், மருத்துவரின் சிகிச்சையோடு சேர்ந்து நோயாளியின் வீட்டுக்கே போய் வந்தால், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் ஓரளவேனும் கூடுதலாகத் தேறினார்கள். மாயமில்லை, மந்திரமில்லை. கதவைத் தட்டி, "மாத்திரை போட்டாயா தம்பி? உடம்பு எப்படி?" என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான்!

ஏர்வாடியிலும் பின்னாளில் ஒன்று நடந்தது. தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவர் மருந்து தரும் ஏற்பாடு தொடங்கியது. வேண்டுதலில் நமக்கு நம்பிக்கையில்லை. அதை மறைக்கவும் மாட்டோம். ஆனால் வேண்ட வருபவனை விரட்டாமல், அவன் கையிலே மாத்திரையை வைத்த அறிவை வரவேற்கிறோம். கோயிலானாலும், தர்காவானாலும், தேவாலயமானாலும், நோயாளி எங்கே போகிறானோ அங்கே மருந்து போகட்டும். தேறியவன் திரும்பி வந்து ஊருக்குச் சொல்லும் ஒரு சொல், நாம் முழங்கும் நூறு கூட்டங்களுக்குச் சமம்.

ஆயினும் 2015–16 இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு என்ன சொன்னது? நோய்க்கு நோய் வேறுபட்டாலும், மனநலக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேருக்குக் குறையாமல் சிகிச்சை எட்டவில்லை என்றது! 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு 14416 என்ற எண்ணில் தொலைபேசி மனநல ஆலோசனையைத் தொடங்கியது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தொலைபேசிக் கம்பி வழியே ஊசி போட முடியுமா?

ஊசி போடும் வழியும் நமக்குத் தெரியும். 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்து ஏழையின் வீட்டு வாசலுக்கே போகலாம் என்பதை அது காட்டிற்று. மனம் உடலைச் சேர்ந்ததில்லையா? மனச்சிதைவுக்கும் அதே உறுதியோடு, அதே ஒழுங்கோடு மருந்து போக வேண்டும் என்று கேட்கிறோம்.

நாம் கேட்பது வானத்து மதியையல்ல. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் இந்த மாத்திரைகள் ஒரு திங்களும் தவறாமல் இருக்கட்டும். மாத்திரை மறப்பவருக்கு, அவர் ஒப்பினால், நீண்டநாள் ஊசியைக் கிராமச் செவிலியரே உரிய நாளில் போடட்டும். எடையும் சர்க்கரையும் நடுக்கமும் தவறாமல் பார்க்கப்படட்டும். தேதி தவறியவரின் வீட்டுக்கு இரண்டு நாளில் ஒருவர் போகட்டும். தேறியவருக்கு வேலை கிடைக்கட்டும். மனநோயும் ஊனமே என்று 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஒப்பியிருக்கிறதே, அந்த உரிமை ஏட்டில் உறங்குவானேன்?

ஆட்சியில் யார் இருந்தாலும் இதைக் கேட்போம். நம்மவர் இருந்தால் உரிமையோடு கேட்போம். மாற்றார் இருந்தால் உரத்துக் கேட்போம்.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தெருவில் ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனால், கல்லெறியும் சிறுவனின் கையைப் பிடியுங்கள். அவன் தாயிடம் போய், மாத்திரை வாங்கி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். வாங்கவில்லையென்றால், அவளோடு அந்தப் பேருந்தில் ஏறுங்கள்.

பேயை விரட்டப் பேச்சு போதும் என்று நினைத்த காலம் போயிற்று. ஏர்வாடியில் எரிந்த 28 பேரும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: சங்கிலி குற்றம் என்றீர்கள், சரி, இந்த மாதத்து மாத்திரை வந்ததா?